ஜவாய் ஆற்றங்கரைக் கூடாரங்கள்

ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில், தார்ப் பாலைவனத்தின் விளிம்பில் ஜவாய் ஆறு ஓடுகிறது. மழைக்காலம் நீங்கினால் அதில் மணலே மிஞ்சும். 1957இல் கட்டி முடிக்கப்பட்ட அணையில் தேங்கும் நீரே கோடையில் ஊருக்கும் விலங்குக்கும் உயிர்.

அருகிலுள்ள கருங்கற்குன்றுகளின் குகைகளில் சிறுத்தைகள் வாழ்கின்றன. அவற்றைக் காண வருவோர் கூடாரங்களில் தங்கி, விடியற்காலையில் திறந்த ஜீப்பில் செல்வர். அதே குன்றுகளில் ரபாரி இடையர் ஆடு மேய்க்கின்றனர். சிறுத்தை ஆட்டைக் கவர்ந்தாலும் அவர்கள் பெரும்பாலும் பழிதீர்க்க முனைவதில்லை. அப்பொறுமையால்தான் சிறுத்தைகள் அங்கே நிலைத்துள்ளன.

விருந்தினரோ சிலநாள் தங்கிச் செல்பவர். அவர்கள் இரவில் விளக்கொளி பாய்ச்சி விலங்கைத் துரத்தினால், அதன் அமைதி குலையும். தாய்ச்சிறுத்தை குட்டிகளுடன் இடம்பெயரவும் நேரும். காண வந்ததையே இழக்கச் செய்வது பயணமாகாது.

மும்பையின் போரிவலிக் காட்டிலும் சிறுத்தைகள் உண்டு. ஆகவே, ரபாரியரின் பொறுமை தாராவி, செம்பூர் மாணவர்க்கும் உரிய பாடமாகும்.

சொற்பொருள்
விளிம்பு – ஓரம்
இடையர் – ஆடுமாடு மேய்ப்போர்

வினாக்கள்
1. கோடையில் ஊருக்கு உயிராக விளங்குவது எது?
2. ரபாரியர், விருந்தினர் ஆகியோரின் கடமைகளை ஒப்பிட்டு ஐந்து வரிகளில் எழுதுக.