கணக்குப் புத்தகம் சரி, சாப்பாட்டுத் தட்டு?

எங்கள் குடும்பஸ்ரீ அயல்கூட்டம் (அக்கம்பக்கத்துப் பெண்கள் குழு) குத்தகை நிலத்தில் மரச்சீனியும் ஏத்தன் வாழையும் போடுகிறது. வருமானம் கூடியிருக்கிறது. வீட்டுச் சாப்பாடு மேம்பட்டதா என்று எப்படி அளப்பது?
– ஒரு வாசகி, குளத்தூர், நெய்யாற்றின்கரை

ஒரு நோட்டு போதும். 15 முதல் 49 வயதுப் பெண்களுக்கு ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் வைத்திருக்கும் அளவுகோல் எளிது: உணவில் 10 வகை, நேற்று பகலும் இரவுமாக எத்தனை வகை சாப்பிட்டார்? ஐந்து தேற வேண்டும்.

வம்பு இங்கேதான். சோறு, மரச்சீனி, ஏத்தங்காய் மூன்றும் ஒரே வகை! உங்கள் தோட்டம் முழுக்க விளைந்தாலும் மதிப்பெண் ஒன்றே. பயறு, நிலக்கடலை போன்ற கொட்டைகள், பால், மீன் அல்லது இறைச்சி, முட்டை, கீரை, மஞ்சள் பூசணி மாதிரி வைட்டமின் ஏ நிறைந்த காய்கனிகள், மற்ற காய், மற்ற பழம் ஆகியவை தனித்தனி. 15 கிராமுக்குக் குறைந்தால் சேராது. வாசனைக்குப் போட்ட நெத்திலி செல்லாது. வரப்பில் முருங்கையும் பயறும் வைத்தால் இரண்டு வகை கூடும்.

சொல்லாமல் போய்க் கேளுங்கள். முன்கூட்டித் தெரிந்தால் எல்லா வீட்டிலும் முட்டை பொரியும். தனியாள் மார்க் முக்கியமில்லை, எத்தனை பேர் ஐந்தைத் தொட்டார்கள் என்பதே கணக்கு. இந்தக் கர்க்கடக மாதத்தில் கேட்டால் அடுத்த கர்க்கடகத்திலும் கேளுங்கள். ஓணத்தன்று கேட்டால் ஊரே பாஸ்!