மலக்பேட்டிலிருந்து வந்த குதிரை

அல்வால் வாசகருக்கு,

பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட குதிரையை வாங்கியதையும், கேரட்டைத் தின்றுவிட்டு அது முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் எழுதியிருந்தீர்கள். கேரட்டைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். கையில் நீட்டிக்கொண்டே இருந்தால் கடிக்கத்தான் பழகும்.

மலக்பேட் பந்தயத் திடல் லாயத்தில் எல்லாமே நேரப்படி நடந்திருக்கும். விடியற்காலை ஓட்டம், குளியல், தீனி. இருபுறமும் வேறு குதிரைகள். இப்போது தன்னந்தனியாக நிற்கிறது. தலைக்கு மேலே ஹகீம்பேட் விமானப்படைத் தளத்து விமானங்கள் வேறு. மந்தைப் பிராணி, காவலுக்குத் துணை இல்லாவிட்டால் படுத்துத் தூங்கவே தயங்கும். ஒரு மட்டக்குதிரை கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் ஆடாவது கட்டுங்கள். தீனி நேரத்தை மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள்.

கடிவாளத்தை இழுத்தால் பாய்கிறது என்கிறீர்கள். பாயாமல் என்ன செய்யும்? ஜாக்கி இறுக்கிப் பிடித்த கடிவாளத்தில் சாய்ந்துகொண்டு ஓடிப் பழகியது அது. நீங்கள் பயந்து இழுக்க இழுக்க வேகம்தான் கூடும். ஏறும்போது நகர்வதும் திமிர் இல்லை. பந்தயக் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே ஜாக்கியின் காலைத் தாங்கி மேலே ஏற்றிவிடுவார்கள். அசையாமல் நிற்க அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சவாரியைத் தள்ளிப்போடுங்கள், கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போய், நிற்கப் பழக்குங்கள்.

நெற்றியைத் தட்டிக் கொஞ்சவும் வேண்டாம். மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. பேசிக்கொண்டே பக்கவாட்டில் போய், பிடரிமயிர் முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டில் நகத்தால் சொறியுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிக்கொள்வதும் பெரும்பாலும் அங்கேதான். பிரான்சின் கமார்க் குதிரைகளை அந்த இடத்தில் சொறிந்துவிட்டபோது இதயத் துடிப்பு குறைந்ததை 1993இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சுகம் கண்டால் மேலுதடு நீண்டு துடிக்கும். அந்த நேரம் பார்த்துக் கையை எடுத்துவிட்டு நகர்ந்து வாருங்கள். இன்னும் வேண்டுமென்றால் அதுவே உங்கள் பக்கம் வரட்டும்.

தீனியின் வகையையும் திடீரென்று மாற்றக் கூடாது. புதியதைப் பழையதோடு சிறுகச் சிறுகக் கலந்து கொடுங்கள்; குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் உயிரே போகலாம். பாண்டிய நாட்டில் வந்திறங்கிய குதிரைகளுக்கு வேகவைத்த சோறும் இறைச்சியும் போட்டதாக மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கியும் மிஞ்சியவை சொற்பமாம். குதிரை வைத்துக் காப்பாற்றிய லட்சணம் அப்படி!

அது தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது என்று எழுதவில்லையே? டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்பதையும் லாயத்தில் விசாரித்து எழுதுங்கள்.

அன்புடன்.