பைபாஸ் முடிந்த அத்தா, நைட் ஷிஃப்ட் மகன்

1975-இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்ததுதான் நம் நாட்டின் முதல் பைபாஸ். இன்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கே அது நடக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

டிஸ்சார்ஜ் ஆனதும் குணமாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். அறுத்துக் கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு கூட 6 முதல் 8 வாரம், முதியவர்களுக்கு அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை கையை ஊன்றி எழக்கூடாது. தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாது. நம் பெரியவர்களோ ஸஜ்தாவிலிருந்து கை ஊன்றித்தான் எழுகிறார்கள். நாற்காலி என்றால் வெட்கம்! மூலநோயால் சிரமப்பட்ட இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது புகாரியில் இருக்கிறது. அந்தச் சலுகையை மறுப்பது தக்வா அல்ல.

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் தம்பிகளே, அத்தாவின் இரவு மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பது? அறுவைக்குப் பின் சில முதியவர்களுக்கு இரவில் மனக்குழப்பம் வரும். போட்ட மாத்திரையையே மறுபடி போடுவார்கள். ஷிஃப்ட் மாற்றிக் கேளுங்கள், அல்லது அண்ணன் தம்பிகள் முறை வையுங்கள். மனைவி தலையில் மட்டும் போடாதீர்கள். நோயாளியைக் கவனிக்க வேறு ஆள் இல்லாதவருக்கு ஜும்ஆவிலேயே சலுகை உண்டு. காயத்தில் நீர் கசிந்தால், காய்ச்சல் அடித்தால், மூச்சு வாங்கினால், ஓரிரு நாளில் எடை 2 கிலோ கூடினால், தொழுகை முடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.