பாப்-அப் பெட்டியை ஏவிவிட்டவர் யார்?

கேள்வி: எந்த இணையதளத்தைத் திறந்தாலும், இரண்டு வரி படிப்பதற்குள் ஒரு பெட்டி குறுக்கே வந்து நிற்கிறது. இந்தப் பாப்-அப்பைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அதற்கான நிரலை முதன்முதலில் எழுதியவர்களில் ஒருவர் ஈதன் ஜுக்கர்மேன். (ஃபேஸ்புக் ஜுக்கர்பெர்க் இல்லை. அவர் அப்போது பள்ளிக்கூடப் பையன்.) 1990களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த டிரைபாட் என்ற நிறுவனத்தில் ஜுக்கர்மேன் வேலை பார்த்தார். யார் வேண்டுமானாலும் இலவசமாகச் சொந்த வலைப்பக்கம் போட்டுக்கொள்ள டிரைபாட் இடம் கொடுத்தது. வருமானம் விளம்பரத்திலிருந்து வந்தது. பக்கத்தில் யார் என்ன எழுதுவார்கள் என்பது மட்டும் நிறுவனத்தின் கையில் இல்லை.

அங்கேதான் சிக்கல் முளைத்தது. பெரிய கார் கம்பெனி ஒன்றின் விளம்பரம், பாலுறவை அப்பட்டமாகக் கொண்டாடும் ஒரு பக்கத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. கம்பெனிக்காரர்கள் கொதித்துப்போனார்கள். விளம்பரமும் ஓட வேண்டும், பக்கத்தோடு அது ஒட்டவும் கூடாது. என்ன வழி? விளம்பரத்தை மட்டும் ஒரு தனி ஜன்னலில் திறந்துவிடுவது. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்துக்காகப் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் புது ஜன்னல் திறக்கும் கட்டளை தயாராக இருந்தது. வேலை சுலபமாக முடிந்துவிட்டது.

கவனியுங்கள், இந்தக் கதையில் விளம்பரதாரர் இருக்கிறார், நிறுவனம் இருக்கிறது, பக்கம் எழுதியவரும் இருக்கிறார். படிக்க வந்தவரைப் பற்றித்தான் யாரும் யோசிக்கவில்லை. விளம்பரதாரரின் மானம் காக்கப் பிறந்த கருவி இது. படிக்கிறவரின் வசதி அதன் ஜாதகத்திலேயே இல்லை.

2014 ஆகஸ்டில் ‘தி அட்லாண்டிக்’ இதழில் எழுதிய நீண்ட கட்டுரையில் ஜுக்கர்மேன் இதற்காக மன்னிப்புக் கேட்டார். ஆனால் அவருடைய உண்மையான வருத்தம் பாப்-அப் பற்றியது அல்ல. இணையம் முழுவதையும் விளம்பரக் காசில் ஓட விட்டதால், படிக்கிறவரை வேவு பார்ப்பதே தொழிலாகிவிட்டது என்பதுதான் கட்டுரையின் சாரம். செய்தித்தாள்கள் மன்னிப்பை மட்டும் தலைப்பாக்கிக்கொண்டன.

கேள்வி: பாப்-அப்பைத் தடுக்கும் வசதி என் கணினியிலேயே இருக்கிறது. பிறகும் எப்படி வருகிறது?
– வாசகர், மதுரை

பதில்: நீங்கள் தடுப்பது பழைய பாப்-அப்பை. இப்போது வருவது அதன் வாரிசு.

2001 வாக்கில் நிலைமை எல்லை மீறியது. எக்ஸ்10 என்ற அமெரிக்க நிறுவனம் தன் கம்பியில்லா கேமராவை விற்க, நீங்கள் படிக்கும் ஜன்னலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும் விளம்பர ஜன்னல்களை ஏவியது. எல்லாவற்றையும் மூடிவிட்டு எழும்போதுதான் அது கண்ணில் படும், எந்தத் தளத்திலிருந்து வந்தது என்றும் தெரியாது. பிரவுசர் செய்கிறவர்கள் விழித்துக்கொண்டார்கள். 2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக் வழியாக இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கும் தடுப்பு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 1.0 தடுப்போடுதான் பிறந்தது.

தடுப்பின் சூத்திரம் எளிது: நீங்கள் எதையாவது சொடுக்கி, அதனால் ஜன்னல் திறந்தால் சரி. தானாகத் திறந்தால் தடை. நல்ல பாப்-அப் எது, கெட்டது எது என்பதற்கு இதைவிடத் தெளிவான இலக்கணத்தை இன்றுவரை யாரும் எழுதவில்லை என்பேன்.

விளம்பரக்காரர்கள் அதையும் தாண்டினார்கள். புது ஜன்னல் திறந்தால்தானே தடை? படிக்கும் பக்கத்துக்குள்ளேயே, எழுத்தின் மேல் ஒரு பெட்டியைப் பரப்பி, பின்னணியை மங்கலாக்கிவிட்டார்கள். அதுவும் பக்கத்தின் ஒரு பகுதி என்பதால் பழைய தடுப்புக்கு அது அகப்படவில்லை. அடுத்த கடிவாளத்தை கூகுள் போட்டது. மொபைலில் பக்கத்தை மறைக்கும் பெட்டி வைத்திருந்தால் தேடல் முடிவில் பின்தள்ளப்படலாம் என்று 2017 ஜனவரி 10 முதல் விதி. வயது சரிபார்ப்பு, சட்டப்படி காட்ட வேண்டிய அறிவிப்பு, நியாயமான அளவுள்ள சிறு பட்டை ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு.

கேள்வி: ‘குக்கீ ஏற்கிறீர்களா’ என்று கேட்கும் பெட்டியும் விளம்பரம்தானா?
– வாசகர், கோவை

பதில்: இல்லை, அது ஐரோப்பியச் சட்டத்தின் குழந்தை. 2009இல் திருத்தப்பட்ட தனியுரிமை விதியும், 2018 மே 25இல் நடைமுறைக்கு வந்த ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பெற்றோர். ஏற்பதற்கு ஒரு சொடுக்கு, மறுப்பதற்குப் பல சொடுக்கு என்று வைத்ததற்காக, பிரான்சின் தரவுக் காவல் அமைப்பு கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது.

கேள்வி: பட்டுப்புடவை விற்கத் தளம் தொடங்கியிருக்கிறேன். ‘பத்து சதவீதம் தள்ளுபடி, மின்னஞ்சல் கொடுங்கள்’ என்று உள்ளே நுழைந்ததுமே பாப்-அப் வைக்கச் சொல்கிறார் வடிவமைத்தவர். வைக்கலாமா?
– வாசகி, காஞ்சிபுரம்

பதில்: நுழைந்ததும் வேண்டாம், அம்மா. கடைக்கு வருகிறவரைப் பாயில் உட்காரவைத்து, நாலு புடவையை விரித்துப் போட்ட பிறகுதானே விலை பேசுவீர்கள்? இங்கேயும் அதே வரிசைதான். நாலைந்து புடவை பார்த்தவருக்கோ, ஒன்றைக் கூடையில் போட்டவருக்கோ தள்ளுபடி என்ற சொல் காதில் விழும். எதையும் பார்க்காதவருக்கு எதில் பத்து சதவீதம்?

அவரே கூப்பிட்டு வரும் பெட்டிகளை எத்தனை வேண்டுமானாலும் வையுங்கள். முந்தானையைத் தொட்டால் ஜரிகை பெரிதாகத் தெரியட்டும். ‘ரவிக்கைத் துணி உண்டா?’ என்பதைத் தொட்டால் விவரம் வரட்டும். இவற்றில் யாரும் எரிச்சலடைவதில்லை.

மொபைலில் முழுத்திரையை அடைக்காமல், அடியில் ஒரு பட்டையாக வைத்தால் போதும். மூடும் பெருக்கல் குறியை எறும்பளவுக்குச் சுருக்குவது ஒரு கெட்ட பழக்கம். தொடும் பொத்தானுக்கு ஆப்பிள் 44 புள்ளியும் ஆண்ட்ராய்டு 48 அலகும் அளவாகச் சொல்லியிருப்பது விரலின் அளவைப் பார்த்துத்தான். கணினியில் எஸ்கேப் விசையை அழுத்தினாலும் பெட்டி மூட வேண்டும். ஒருமுறை மூடியவருக்கு சில வாரங்களாவது அது மறுபடி தலைகாட்டக் கூடாது. பணம் செலுத்தும் பக்கத்தில் எதுவுமே வேண்டாம்.

வெளியேறப் போகிறவரைப் பிடிக்கும் பாப்-அப் என்றும் ஒன்றை உங்களிடம் விற்பார்கள். மவுஸ் அம்பு திரையின் மேல்விளிம்புக்கு ஓடுவதை வைத்து அது ஊகிக்கிறது. கைப்பேசியில் மவுஸ் ஏது? உங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் வருகிறார்களா என்று முதலில் பாருங்கள்.

மாதக் கடைசியில் வடிவமைத்தவர் ‘இத்தனை மின்னஞ்சல் சேர்ந்தது’ என்று கணக்குக் காட்டுவார். பெட்டியைப் பார்த்ததுமே கிளம்பிப் போனவர்கள் எத்தனை பேர், மின்னஞ்சல் கொடுத்தவர்களில் புடவை வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒரு மாதம் பெட்டியில்லாமலும் ஓட்டி, விற்பனையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: சலுகையை மறுத்தால் ‘வேண்டாம், எனக்குப் பணத்தை மிச்சப்படுத்தத் தெரியாது’ என்ற பொத்தானைத்தான் அழுத்த வேண்டியிருக்கிறது. இது நியாயமா?
– வாசகர், சேலம்

பதில்: நியாயமும் இல்லை, இந்தியாவில் அனுமதியும் இல்லை. இப்படிப்பட்ட தந்திரங்களுக்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்று 2010இல் பெயர் சூட்டியவர் பிரிட்டனைச் சேர்ந்த ஹாரி பிரிக்னல். நம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிகள் இவற்றில் 13 வகைகளைப் பட்டியலிடுகின்றன. வெட்கப்பட வைத்து ஒப்புக்கொள்ளச் செய்வது அதில் ஒன்று. விமான டிக்கெட் எடுக்கும்போது காப்பீடு வேண்டாம் என்றால், பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன் என்று சொல்லவைப்பதை உதாரணமாகவே காட்டியிருக்கிறார்கள். விடாமல் நச்சரிப்பதும் பட்டியலில் உண்டு. திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் செய்யலாம்.