குறிக்கோளும் கப்பலும்

எட்டயபுரத்தைச் சூழ்ந்துள்ள நிலம் கரிசல் நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு விளைந்த பருத்தி வண்டியேறித் தூத்துக்குடி சேரும். அங்கிருந்து கப்பலேறிக் கடல் கடக்கும். பின்பு சீமைத் துணியாகத் திரும்பி வந்து, விதைத்த உழவனிடமே விலைபோகும். அந்நாளில் எட்டயபுரத்திலேயே பருத்தி ஆலை ஒன்றை நிறுவினார் சின்னசாமி ஐயர். கணக்கிலும் பொறியியலிலும் நாட்டமுடையவர் அவர். ஆயினும் ஆலை நிலைக்கவில்லை. கைப்பொருளை இழந்து, 1898-ஆம் ஆண்டில் அவர் காலமானார். அவருடைய மைந்தரே மகாகவி பாரதியார்.

இஃது ஒரு மனிதர் செய்த முயற்சி. பலர் கூடிச் செய்யும் முயற்சிக்கு எடுத்துக்காட்டு வேண்டின், அதே வட்டாரத்தில் எட்டு ஆண்டுகளுக்குப் பின் எழுந்த சுதேசிக் கப்பல் கம்பெனியை நோக்குதல் வேண்டும். எட்டயபுரத்திலிருந்து தூத்துக்குடி செல்லும் திசையில் உள்ளது ஓட்டப்பிடாரம். அவ்வூரில் 1872-இல் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, தூத்துக்குடியில் வழக்கறிஞராக வாழ்ந்தவர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நடந்த கப்பல் வாணிகம் அன்று பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கைக்குள் இருந்தது. அப்பிடியைத் தளர்த்தக் கருதினார் சிதம்பரனார்.

‘நாடு செழிக்க வேண்டும்’ என்பது விருப்பம்; குறிக்கோள் ஆகாது. விருப்பத்தை இடமும் அளவும் காட்டிக் கூறும்போதுதான் பலர் அதன்பொருட்டு ஒருங்கே உழைக்க இயலும். 1906 அக்டோபர் 16-ஆம் நாள் பதிவு செய்யப்பட்ட சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் அமைப்பில் அத்தெளிவு இருந்தது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். அது 40,000 பங்குகளாகப் பகுக்கப்பட்டது. பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். பத்து லட்சம் என்னும் பெருந்தொகையை எண்ணி எவரும் மலைப்பர். 25 ரூபாய் என்றாலோ, சிறு வணிகரும் தம்மால் இயலுமா என்று எண்ணிப் பார்ப்பர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வள்ளல் இரண்டு லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் வாங்கினார். ஐந்தில் ஒரு பகுதி ஒருவராலேயே நிறைவுற்றது. எஞ்சிய 32,000 பங்குகளுக்கு ஊர் ஊராகச் செல்ல வேண்டும் என்பது தெளிவாயிற்று. மதுரைத் தமிழ்ச்சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவராக அமர்ந்தார். இந்தியர்க்குக் கப்பல் நடத்தவும் கட்டவும் பயிற்சி அளித்தல் முதலிய தொலைநோக்கங்களும் கம்பெனிக்கு இருந்தன. ஆயினும் முதலில் ஓட வேண்டியது தூத்துக்குடிக் கப்பல். வரிசை அறிந்து செயலாற்றுவது பாராட்டத்தக்கது.

அமெரிக்காவில் வாழ்ந்த பீட்டர் டிரக்கர் என்னும் அறிஞர் 1954-இல் வெளியிட்ட நூலில், தொழில் நிலையங்கள் குறிக்கோள் வகுத்து அதன்வழி நடத்தப்பட வேண்டும் என்று விளக்கினார். பின்னர் இன்டெல் நிறுவனத்தில் ஆண்டி குரோவ் அதனை மேலும் கூர்மைப்படுத்தினார். அடைய வேண்டியது யாது, அடைந்துவிட்டோம் என்பதை எந்த அளவால் அறிவது என்னும் இரு வினாக்களை ஒவ்வொரு குழுவும் எழுப்பிக்கொள்ளுமாறு செய்தார். திருவள்ளுவரோ ‘வினைசெயல்வகை’ அதிகாரத்தில், செயலைத் தொடங்குமுன் கைப்பொருள், கருவி, காலம், தொழிலின் இயல்பு, இடம் ஆகிய ஐந்தையும் ஐயமற ஆராயச் சொல்கிறார்.

இவ்வைந்தனுள் கம்பெனிக்கு முதலில் குறைவாக இருந்தது கருவி. சொந்தக் கப்பல் இல்லை. ஷா லைன் என்னும் கம்பெனியாரிடம் வாடகைக்குக் கப்பல் பெற்றனர். வெள்ளையர் கம்பெனியின் நெருக்குதலால் அவர்கள் கப்பல் தர மறுத்தனர். பிறர் கையிலுள்ள கருவியை நம்பித் தொழில் நடத்துதல் எத்துணை இடர் என்பது வெளிப்பட்டது. உடனே கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்திப் போக்குவரவு நின்றுவிடாமல் காத்தார் சிதம்பரனார். பின்பு பம்பாய்க்குப் புறப்பட்டார். கப்பலோடு திரும்புவது, இயலாதேல் கடலில் வீழ்ந்து மாய்வது என்று அவர் சூளுரைத்ததாகக் கூறுவர். 1907-இல் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின. நெடுங்காலம் மகப்பேறின்றி இருந்த தாய்க்கு ஒரே வேளையில் இரு மக்கள் பிறந்தாற்போன்ற களிப்பு இது என்று பாரதியார் தம் ‘இந்தியா’ இதழில் எழுதி மகிழ்ந்தார்.

இனிப் போட்டி மூண்டது. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது; சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. அவர்களோ கட்டணமின்றியே ஏற்றிச் செல்வதாகக் கூறிக் குடையும் இனாமாக அளித்தனர். பயணிகளின் தொகையை மட்டும் வெற்றியின் அளவாகக் கொண்டால், இத்தகைய போட்டியில் கப்பல் நிறையும்; கருவூலம் வறளும். பெருஞ்செல்வம் படைத்த கம்பெனி இழப்பைத் தாங்கும்; 25 ரூபாய்ப் பங்குகளால் எழுந்த கம்பெனி எத்தனை நாள் தாங்கும்?

வேறொரு குறையும் இருந்தது. பங்கு திரட்டியவர், கப்பல் தேடியவர், மேடையில் முழங்கியவர் எல்லாம் ஒருவரே. 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்கு முன்னின்றவரும் அவரே. கோரிக்கைகள் தெளிவாக இருந்தன; சில நாட்களிலேயே நிருவாகம் இணங்கியது. ஆனால், மார்ச்சு 12-ஆம் நாள் அரசு அவரைச் சிறைப்படுத்தியது. யாரிடம் எதனை ஒப்படைப்பது என்பதை வள்ளுவர் தனி அதிகாரமாகவே வகுத்திருக்கிறார். சிதம்பரனார் சுமந்த சுமையை ஏற்றுச் செல்ல வேறு தோள் கம்பெனியில் அமையவில்லை. அவர் மீது விதிக்கப்பட்ட நாடு கடத்தல் தண்டனை மேல்முறையீட்டில் ஆறாண்டாகக் குறைக்கப்பட்டது. ஆனால் கம்பெனிக்கு அத்தனை ஆண்டு காத்திருக்க ஆற்றல் இல்லை. 1911-இல் அது கலைக்கப்பட்டது.

1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையின் கதவு திறந்தது. சிதம்பரனார் வெளியே வந்தார். அவர் வாங்கிவந்த கப்பல்கள் அப்போது கம்பெனியார் கையில் இல்லை.