பவளத் தொட்டிக்கு விளக்கு வாங்குமுன்

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர், மீன்களின் நிறம் எடுப்பாகத் தெரிய உதவும் ஓர் அலங்காரமாகவே விளக்கைக் கருதுகிறார்கள். மீன் மட்டும் வளர்க்கிற வரையில் அந்த அபிப்பிராயத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. உயிருள்ள பவளத்தைத் தொட்டிக்குள் வைத்துவிட்டாலோ, விளக்கு ஆகாரத்தின் ஸ்தானத்துக்கு வந்துவிடுகிறது. பவளப் பிராணியின் திசுவுக்குள் குடியிருக்கும் ஜூசாந்தெல்லே என்ற நுண்பாசி, ஒளியைக் கொண்டு தயாரிக்கும் சத்தில் பெரும்பங்கைத் தனக்கு இடங்கொடுத்த பிராணிக்கே வழங்குகிறது. 1928-29இல் ஆஸ்திரேலியாவின் லோ தீவுகளில் சி. எம். யங் தலைமையில் ஆராய்ச்சி நடத்திய குழுவினர், பவளங்களை வெளிச்சம் புகாத பெட்டிகளில் அடைத்து வைத்துப் பார்த்தபோது அவை உள்ளிருந்த பாசியை இழந்து வெளுத்துப்போயின. விளக்கு வாங்கப் போகிறவர் முதலில் நினைவில் வைக்கவேண்டியது அந்தப் பாசியைத்தான்; நம் கண்ணுக்கு எது ரம்மியமாக இருக்கிறது என்ற விசாரம் பிறகு.

நான் பவளம் வளர்ப்பது சிங்கப்பூரில், அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில். பூமத்திய ரேகைக்கு ஒரு பாகை வடக்கே இருக்கும் இந்த ஊரில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம் பகல். இவ்வளவு சூரியன் இருக்கையில் விளக்கு எதற்கு என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஜகார்த்தாவில் இருந்த லீ சின் எங் என்பவர், உயிர்ப்பாறைகளையும் காற்றுக் குமிழியையும் சூரிய வெளிச்சத்தையும் மட்டுமே நம்பித் தொட்டியில் பவளம் வளர்த்த முறையை 1961இலேயே எழுதி வெளியிட்டிருக்கிறார். ஆனால் நம் கூடத்து ஜன்னல் வழியே வரும் வெயில் நாளில் ஒன்றிரண்டு மணி நேரம் சாய்வாக விழுந்து, பவளத்துக்குப் போதுமான ஒளியைக் கொடுக்காமலே தண்ணீரைச் சூடேற்றிவிட்டுப் போய்விடும். ஆகவே விளக்கு அவசியம்.

எந்த விளக்கு என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது, எந்தப் பவளம் என்றுதான். கடலில் எல்லாப் பவளமும் ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. நண்பகலில் வெப்பமண்டலச் சூரியன், சதுர மீட்டருக்கு வினாடிக்குச் சுமார் 2,000 மைக்ரோமோல் அளவுக்கு ஒளித்துகள்களைக் கடல்மட்டத்தில் கொட்டுகிறது. இறங்க இறங்க அது குறைந்துகொண்டே போகும். அலையடிக்கும் ஆழமற்ற திட்டில் கிளைவிட்டு நிற்கும் அக்ரோபோரா ஒரு வாழ்க்கைக்குப் பழகியது. பாறையிடுக்கின் நிழலில் படர்ந்த காளான் பவளம் வேறொரு வாழ்க்கைக்குப் பழகியது. அதே மைக்ரோமோல் அளவையில் தொட்டிக்குச் சொல்வதானால், காளானுக்கும் பெரும்பாலான மென்பவளங்களுக்கும் 50 முதல் 100 வரை போதும். டார்ச், ஹேமர் முதலிய சதைப்பற்றுள்ள கல்பவளங்கள் 80 முதல் 150க்குள் சுகமாக இருக்கும். அக்ரோபோராவுக்கு 250க்குக் குறையாமல் கொடுத்தால்தான் நிறமும் வளர்ச்சியும் கூடிவரும். முதல் இரண்டு வகைகளோடு திருப்தியடைகிறவர் பெரிய விளக்குக்குச் செலவிடுவதில் பிரயோஜனமில்லை.

இந்த எண்களைக் கண்ணால் அறிய முடியாது என்பதை எவ்வளவு வற்புறுத்திச் சொன்னாலும் தகும். மனிதக் கண் 555 நானோமீட்டரை ஒட்டிய பச்சை மஞ்சளுக்கே மிகக் கூர்மையானது. கைப்பேசியில் கிடைக்கும் லக்ஸ் கருவியும் அந்தக் கண்ணைப் பின்பற்றி அமைந்ததே. பாசியோ 430 முதல் 480 வரையிலான நீலத்தை விரும்பி உண்கிறது. அதனால் நீலம் மிகுந்த ரீஃப் விளக்கைப் பார்த்து “மங்கலாக இருக்கிறதே” என்று கண்ணும் லக்ஸ் கருவியும் ஒரே குரலில் சொல்லும்போது, கீழே பவளம் அளவுக்கு மீறிய ஒளியில் தவித்துக்கொண்டிருக்கலாம். 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்களை எண்ணும் பார் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கியாவது ஒருநாள் தொட்டிக்குள் இறக்கிப் பார்ப்பது உத்தமம். என் தொட்டி நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம்; விளக்கு நீர்மட்டத்துக்குப் பத்து அங்குலம் மேலே தொங்குகிறது. விளக்குக்கு நேர்கீழே பாறை உச்சியில் 330 காட்டிய மீட்டர், ஒரு சாண் தள்ளி வைத்ததும் 190க்கு இறங்கியது. முன்பக்கத்து மணல் மூலையில் 60தான். இந்த எண்களை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்ட பிறகு, எந்தப் பவளத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இடமே இல்லாமல் போயிற்று: உச்சியில் அக்ரோபோரா, 190 காட்டிய இடத்துக்கும் மூலைக்கும் இடையில் டார்ச், மூலையில் காளான்.

விளக்கு வகைகளில் மெட்டல் ஹாலைடுக்கு ஈடான பிரகாசத்தை, அலை நெளிவு மணலில் ஓடும் அந்த அழகை, வேறெதிலும் முழுதாக நான் கண்டதில்லை. ஆயினும் 250 வாட் பல்பு இரண்டைத் தொங்கவிட்டு, அவை தரும் உஷ்ணத்தைத் தணிக்கக் குளிரூட்டும் கருவியையும் ஓயாமல் ஓடவிடுவது இந்த ஊர்ச் சீதோஷ்ணத்தில் கட்டுப்படியாகாது. டி5 டியூப் ஒளியைத் தொட்டி முழுதும் சீராகப் பரப்புகிறது. ஒளி தேய்ந்துபோவதால் ஆண்டுக்கொருமுறை டியூப்பை மாற்றும் செலவு உண்டு. எல்.இ.டி. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதோடு ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்க இடங்கொடுக்கிறது. ஆனால் ஒளி ஒரு புள்ளியிலிருந்து பாய்வதால், கிளைத்த பவளத்தின் மேற்பக்கம் செழித்திருக்க அடிக்கிளைகள் நிழலில் கருகுகின்றன. இரண்டு எல்.இ.டி. விளக்குகளுக்கு இருபுறமும் 54 வாட் டி5 டியூப் ஒவ்வொன்றை வைத்த ஏற்பாடே நான்கடித் தொட்டிக்குச் சிறந்தது என்பது என் அபிப்பிராயம்.

விளக்குப் பெட்டியின் மேல் நிறத்தைக் குறிக்க அச்சடித்திருக்கும் 14,000 கெல்வின், 20,000 கெல்வின் என்ற எண்களுக்கு அளவுக்கு மீறிய மரியாதை கொடுக்க வேண்டாம். பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் சஞ்சய் ஜோஷி மெட்டல் ஹாலைடு பல்புகளை வரிசையாக அளந்து வெளியிட்ட விவரங்களில், ஒரே கெல்வின் எண் தாங்கிய இரு கம்பெனிப் பல்புகள் நிறத்திலும் ஒளியளவிலும் வெகுவாக வேறுபட்டன. கடைகளில் கரு நீல விளக்கின் கீழ்ப் பச்சையும் ஆரஞ்சுமாக ஜொலிக்கும் பவளத்தை வாங்குமுன், கடைக்காரரிடம் சொல்லி வெள்ளை விளக்கையும் போட்டுப் பார்ப்பது நல்லது. நகைக்கடை வெளிச்சத்தில் பட்டை தீட்டிய கல்லைப் பார்ப்பது போன்ற சங்கதி அது.

புதிய விளக்கை முதல்நாளே முழுவேகத்தில் எரிப்பது அபாயம். பாதி அளவில் தொடங்கி, நான்கைந்து வாரங்களில் படிப்படியாக உயர்த்தவேண்டும். ஒளியும் உஷ்ணமும் சேர்ந்து மிகும்போது பாசி நச்சாகி, பவளம் அதை வெளியேற்றி வெளுத்துவிடும். பவளம் தன் நிலையைத் தானே காட்டிக்கொடுக்கும். ஒளி போதாவிட்டால் இருப்பதைக் கொண்டு சமாளிக்கப் பாசியைப் பெருக்கிக்கொண்டு பழுப்பேறும், மிகுந்தால் வெளிறும். டார்ச் பவளத்தின் விரல்கள் பகலில் நீண்டு ஆடாமல் எலும்புக் குழாய்க்குள் சுருங்கிக் கிடந்தால், நீரோட்டத்தில் குறையில்லை என்று தெரிந்துகொண்டபின், இரண்டு அங்குலம் கீழே இறக்கிப் பாருங்கள். மாண்டிபோராத் தட்டின் விளிம்பில் நூலளவு வெண்மை ஓடினால் பயப்பட வேண்டாம், அது புது வளர்ச்சி. நடுத்திட்டு வெளுத்தால்தான் கவலை.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் கல்பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு எடுப்பதும் குற்றம். சிங்கப்பூரிலும் வெளிநாட்டிலிருந்து வரும் கல்பவளத்துக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். பண்ணையில் வளர்த்த துண்டையே கேட்டு வாங்குவது என் வழக்கம்.

விளக்கு நாளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் எரிந்தால் போதும். அதற்குமேல் போனால் பவளத்தைவிடக் கண்ணாடியில் படரும் பாசிக்கே லாபம். உப்புத் துளி தெறித்து விளக்கின் கண்ணாடியில் படியும் வெண்படலம் ஒளியைத் தின்றுவிடுமாதலால், வாரம் ஒருமுறை விளக்கை அணைத்து ஆறவிட்டு, ஈரத்துணியால் துடைப்பது நலம். மின்கம்பி நேராகப் பிளக்குக்குப் போகாமல், ஒருமுறை பிளக்குக்குக் கீழே தொங்கிப் பிறகு மேலேறும்படி மாட்டுங்கள். கம்பி வழியே இறங்கும் உப்புநீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் புகாது.