ரா ஃபைல் திறக்க மாட்டேங்குதா? கார்டை ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ஃபோட்டோகிராஃபி கிளப் வாட்ஸ்அப் குரூப்பில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது வரும் கேள்வி இது. கல்ச்சுரல்ஸ் முடிந்த மறுநாள் காலையில் யாராவது ஒரு ஜூனியர் கேட்பார்: “அண்ணா, நேத்து புது கேமராவுல எடுத்த எதுவுமே ஓப்பன் ஆகல. ஃபைல் எல்லாம் கரப்ட் ஆயிடுச்சா?” உடனே பத்து பேர் பத்து யோசனை சொல்வார்கள். ரெக்கவரி சாஃப்ட்வேர் போடு, எக்ஸ்டென்ஷனை மாத்து, கார்டை ஃபார்மேட் பண்ணிட்டு இன்னொரு தடவை எடுத்துப் பாரு. இதில் கடைசி யோசனைதான் ஆபத்தானது. ஃபேர்வெல்லில் அழுத சீனியர்களைக் கூப்பிட்டு மறுபடி அழச் சொல்ல முடியாது.

பெரும்பாலான நேரம் ஃபைலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கேமரா புதுசு, மென்பொருள் பழசு, அவ்வளவுதான். ஆனால் ஒரு ஜேபெக் படத்துக்கு இந்தப் பிரச்சினையே வருவதில்லையே, ராவுக்கு மட்டும் ஏன்? அதைப் புரிந்துகொண்டால் எந்த வழியை முதலில் முயற்சி பண்ண வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

ஜேபெக் 1992-லேயே தரப்படுத்தப்பட்டது. எந்தக் கம்பெனி கேமரா எழுதினாலும் விதி ஒன்றுதான். ‘ரா’ என்பது அப்படி ஒரு ஃபார்மேட்டின் பெயரே இல்லை. சென்சார் அளந்த எண்களை, படமாக மாற்றாமல், ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குக் கட்டி வைக்கும் மூட்டை அது. கேனானுக்கு சிஆர்2, சிஆர்3. நிக்கானுக்கு என்இஎஃப். சோனிக்கு ஏஆர்டபிள்யூ. ஃபியூஜிஃபிலிமுக்கு ஆர்ஏஎஃப். எக்ஸ்டென்ஷன் ஒன்றாக இருந்தாலும் மாடலுக்கு மாடல் உள்ளே இருப்பது மாறும். அதனால்தான் “என்கிட்ட இருக்கற சாஃப்ட்வேர் ஏஆர்டபிள்யூ ஓப்பன் பண்ணுமே” என்று சொல்வது முழு பதில் ஆகாது.

சரி, மூட்டைக்குள் என்ன இருக்கிறது? 24 மெகாபிக்சல் சென்சார், ஒரு பிக்சலுக்கு 14 பிட் என்று வைத்துக்கொள்வோம். சுருக்காமல் எழுதினால் சுமார் 42 மெகாபைட். ஒவ்வொரு பிக்சலும் 0 முதல் 16383 வரை ஒரே ஒரு எண். நிறம் கிடையாது. சென்சாரின் மேல் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகள் கட்டம் கட்டமாக ஒட்டப்பட்டிருக்கும். கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். ஒரு பிக்சல் தன் தலைக்கு மேல் இருக்கும் நிறத்தை மட்டும்தான் அளக்கும். மற்ற இரண்டு நிறங்களைப் பக்கத்து பிக்சல்களைப் பார்த்து மென்பொருள்தான் கணக்கிட வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட மென்பொருளுக்கு அந்த மாடலைப் பற்றிச் சில விவரங்கள் தெரிந்தே ஆக வேண்டும். முதலில், சுருக்கி வைத்த டேட்டாவை எப்படி விரிப்பது என்பது. இது தெரியாவிட்டால் ஃபைல் திறக்கவே திறக்காது. அடுத்து, எந்த பிக்சலின் மேல் எந்த நிறம் என்பது. பேயர் அமைப்பில்கூட முதல் பிக்சல் சிவப்பா பச்சையா என்பது கேமராவுக்குக் கேமரா மாறும். ஃபியூஜிஃபிலிம் 2012-ல் எக்ஸ்-ப்ரோ1-உடன் கொண்டுவந்த எக்ஸ்-டிரான்ஸ் சென்சாரில் பேயரே கிடையாது, 6க்கு 6 என்ற வேறு அமைப்பு. மூன்றாவது, எது கறுப்பு, எது வெள்ளை. வெளிச்சமே படாத பிக்சலும் 0 காட்டாது. 512 மாதிரி ஏதோ ஒரு அடிப்படை எண்ணைக் காட்டும், அதைக் கழிக்க வேண்டும். கழிக்கும் எண் தப்பாகிவிட்டால் நிழல் பகுதியெல்லாம் ஊதா படரும். மேல் எல்லை தப்பானால் மேடை லைட் எல்லாம் பிங்க் ஆகிவிடும். கடைசியாக, அந்த சென்சார் பார்க்கும் சிவப்பை நம் கண் பார்க்கும் சிவப்பாக மாற்றும் 3க்கு 3 மேட்ரிக்ஸ். முதல் செமஸ்டர் கணிதத்தில் “இதெல்லாம் எங்க யூஸ் ஆகப்போகுது” என்று புலம்பிய அதே மேட்ரிக்ஸ் பெருக்கல்தான்.

இந்த விவரங்களைத்தான் மென்பொருள்காரர்கள் ஒவ்வொரு புது மாடலுக்கும் தேடிப் பிடித்துச் சேர்க்கிறார்கள். மென்பொருள் ஃபைலுக்குள் இருக்கும் மாடல் பெயரைப் படித்துத் தன் பட்டியலில் தேடும். இல்லையென்றால் பல மென்பொருள்கள் கையை விரித்துவிடும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். “தம்ப்நெயில் தெரியுதே, கேமரா ஸ்கிரீன்லயும் தெரியுதே, எடிட்டர்ல மட்டும் ஏன் வரல?” காரணம், கிட்டத்தட்ட எல்லா ரா ஃபைலுக்குள்ளும் கேமரா ஒரு சின்ன ஜேபெக்கையும் சேர்த்து வைத்துவிடுகிறது. நீங்கள் பார்ப்பது அதைத்தான். ஒரு வகையில் இது நல்ல செய்தி. தம்ப்நெயில் சரியாகத் தெரிந்தால் ஃபைலும் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு உண்மைக் கதையை எடுத்துக்கொள்வோம். 2018-ல் கேனான் இஓஎஸ் எம்50 வந்தது. வ்ளாக் எடுப்பவர்கள் விரும்பி வாங்கிய கேமரா. அதோடு சேர்ந்து சிஆர்3 என்ற புது ஃபார்மேட்டும் வந்தது. அதற்கு முந்தைய சிஆர்2, டிஃப் ஃபைலின் அமைப்பில் கட்டப்பட்டது. ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் 49 49 என்று ஆரம்பிக்கும். சிஆர்3-ஓ எம்பி4 வீடியோ சேர்ந்த குடும்பத்தின் அமைப்பில் கட்டப்பட்டது. உள்ளே சுருக்கும் முறையும் புதுசு. கேனான் அதன் விவரங்களை வெளியிடவில்லை. தன்னார்வலர்கள் பைட் பைட்டாகப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இந்த அமைப்பின் மேல் காப்புரிமைச் சிக்கல் வருமோ என்ற தயக்கம் வேறு. லிப்ரா என்ற திறந்த மூல லைப்ரரியில் 2020-ல், 0.20 பதிப்பில்தான் சிஆர்3 வந்தது. டார்க்டேபிளில் 2021 டிசம்பரில், 3.8 பதிப்பில். கேமரா கடைக்கு வந்து ஏறக்குறைய நான்கு வருஷம் கழித்து!

இதை நம் லேப்டாப்போடு பொருத்திப் பாருங்க. உபுண்டு 20.04-ல் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து நேரடியாக நிறுவினால் கிடைப்பது டார்க்டேபிள் 3.0.1. அதில் எம்50 படம் திறக்காது. உபுண்டு 22.04-ல் கிடைப்பது 3.8.1, அதில் திறக்கும். அதே கேமரா, அதே கார்டு, அதே ஃபைல். பக்கத்து சீட் நண்பனின் லேப்டாப்பில் திறக்கிறது, நம்முடையதில் திறக்கவில்லை என்றால் விஷயம் இதுதான். இதற்காக ஓஎஸ்ஸையே மாற்ற வேண்டாம். ஃபிளாட்பேக் அல்லது ஆப்இமேஜ் வழியாகப் புதுப் பதிப்பைத் தனியாகப் போட்டுக்கொள்ளலாம். ஜிம்ப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே கதைதான். ஜிம்ப் தானாக ராவைத் திறப்பதில்லை, டார்க்டேபிளையோ ராதெரபியையோதான் கூப்பிடுகிறது. அதனால் அப்டேட் பண்ண வேண்டியது ஜிம்ப்பை அல்ல, அந்த இன்னொன்றை.

விண்டோஸில் அடோபி பக்கம் போனால் விஷயம் கொஞ்சம் கசக்கும். ஒரே தடவை காசு கட்டி வாங்கிய லைட்ரூம் 6-க்கு வந்த கடைசி அப்டேட் 6.14, 2017 டிசம்பர். அதற்குப் பிறகு வந்த கேமரா எதுவும் அதன் பட்டியலில் கிடையாது. காசு கொடுத்தவருக்கே இந்த நிலைமை. ஹாஸ்டலில் பென்டிரைவில் சுற்றும் கிராக் வெர்ஷனுக்கு அப்டேட்டும் கிடையாது, உள்ளே என்ன வைரஸ் இருக்கிறது என்ற கணக்கும் கிடையாது. என்னைக் கேட்டால், புது கேமரா வாங்கிவிட்டு கிராக் எடிட்டரில் திறக்க முயல்வதைவிட டார்க்டேபிள் கற்றுக்கொள்வது லாபம். முதல் வாரம் தலை சுத்தும், அப்புறம் பழகிவிடும்.

அப்டேட் பண்ணியும் வரவில்லை, அல்லது அப்டேட் பண்ண வழியே இல்லை என்றால்?

கேமரா கம்பெனியின் சொந்த மென்பொருளை முதலில் பாருங்க. கேனானின் டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல், நிக்கானின் என்எக்ஸ் ஸ்டுடியோ, சோனியின் இமேஜிங் எட்ஜ் எல்லாமே இலவசம். கேமரா வந்த அன்றைக்கே அதன் ஃபைலைத் திறக்கக்கூடியவை இவைதான். வேகம் குறைவு, மெனுவெல்லாம் பழைய காலத்து மாதிரி இருக்கும். பரவாயில்லை. 16 பிட் டிஃப்பாக ஏற்றுமதி பண்ணி, பிறகு உங்களுக்குப் பிடித்த எடிட்டரில் வேலையைத் தொடரலாம். ஃபைல் சைஸ் மட்டும் பயமுறுத்தும்: 24 மெகாபிக்சலுக்கு மூன்று நிறமும் சேர்த்து 144 மெகாபைட்.

இன்னொரு வழி அடோபியின் டிஎன்ஜி கன்வெர்ட்டர். இதுவும் இலவசம், ஆனால் விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டும். டிஎன்ஜி என்பது 2004-ல் அடோபி வெளியிட்ட, விவரங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஃபார்மேட். மேலே சொன்ன நிற அமைப்பு, கறுப்பு, வெள்ளை எல்லைகள், மேட்ரிக்ஸ் எல்லாவற்றையும் ஃபைலுக்குள்ளேயே எழுதிவிடும். மென்பொருளுக்குக் கேமராவின் பெயர் தெரியாவிட்டாலும் வேலை நடக்கும். அதனால்தான் பழைய லைட்ரூமில்கூடப் புது கேமரா படத்தை இந்த வழியாகத் திறக்க முடிகிறது. கன்வெர்ட்டரின் அமைப்புகளில் எந்தப் பழைய பதிப்புக்கு ஒத்துப்போக வேண்டும் என்று கேட்கும். உங்கள் மென்பொருளுக்கு ஏற்ற பழைய எண்ணைத் தேர்ந்தெடுங்க. டிஎன்ஜியும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. 2023-ல் வந்த 1.7 பதிப்பு ஜேபெக் எக்ஸ்எல் சுருக்கத்தை அனுமதிக்கிறது, பழைய எடிட்டர் அதைக் கண்டு முழிக்கும். மாற்றிய பிறகு ஒரிஜினலை அழிக்காதீங்க. கேனான், நிக்கான் மென்பொருள்கள் டிஎன்ஜியைத் திறக்காது, திரும்பி வர வழி இருக்காது.

ஆண்ட்ராய்டு போனில் ‘புரோ’ மோடில் எடுக்கும் ரா பெரும்பாலும் டிஎன்ஜிதான். லைக்காவும் பென்டாக்ஸும் கேமராவிலேயே டிஎன்ஜி எழுதும். மற்ற பெரிய கம்பெனிகளும் இதைச் செய்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. செய்யவில்லை. 2005-ல் நிக்கான் டி2எக்ஸ் கேமராவில் வொயிட் பேலன்ஸ் விவரத்தையே என்கிரிப்ட் பண்ணி வைத்தது. ஃபோட்டோஷாப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான தாமஸ் நோல் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். டிசிரா என்ற மென்பொருளை 1997 முதல் தனி ஆளாக எழுதிவந்த டேவ் காஃபின் அதை உடைத்துக் காட்டினார். லிப்ரா பிறந்ததே அந்த டிசிராவிலிருந்துதான். நாம் எடுத்த படத்தின் வொயிட் பேலன்ஸை நாமே படிக்க ஒருவர் பூட்டு உடைக்க வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை.

கேமரா மெனுவிலேயே தீர்வு இருக்கும் நேரமும் உண்டு. நிக்கான் இசட்9-ல் ‘ஹை எஃபிஷியன்சி’ என்றொரு ரா வகை இருக்கிறது. இன்டோபிக்ஸ் என்ற வெளி நிறுவனத்தின் டிகோரா தொழில்நுட்பம். திறந்த மூல மென்பொருள்கள் இதில் நீண்ட காலம் தடுமாறின. அதே கேமராவில் ‘லாஸ்லெஸ் கம்ப்ரஸ்டு’ என்று மாற்றி எடுத்தால் திறக்கும். எடுத்து முடித்த படத்துக்கு இது உதவாது, அடுத்த நிகழ்ச்சிக்கு உதவும்.

எல்லாம் தோற்று, இன்று மாலைக்குள் போஸ்டர் போட்டே ஆக வேண்டும் என்றால், உள்ளே ஒளிந்திருக்கும் ஜேபெக்கை எக்ஸிஃப்டூல் மூலம் வெளியே எடுத்துக்கொள்ளுங்க. பல கேமராக்களில் அது முழு அளவிலேயே இருக்கும்.

எக்ஸிஃப்டூலை வைத்து இன்னொரு தில்லாலங்கடியும் செய்வார்கள். ஃபைலில் இருக்கும் மாடல் பெயரை, அதே சென்சார் உள்ள பழைய மாடலின் பெயராக மாற்றிவிடுவது. சில நேரம் வேலை செய்யும். சென்சார் வேறாக இருந்தால் முகத்தின் நிறமே மாறிப்போகும். நகல் எடுத்த ஃபைலில் மட்டும் முயற்சி செய்யுங்க. எக்ஸ்டென்ஷனை ஜேபிஜி என்று மாற்றுவதால் எதுவும் நடக்காது. ஆன்லைன் கன்வெர்ட்டரில் நண்பர்களின் ஆயிரம் படத்தை ஏற்றுவதும் வேண்டாம், அவை எங்கே போய் உட்காரும் என்று நமக்குத் தெரியாது.

இதையெல்லாம் கையால் தொட்டுப் பார்க்க ஆசை இருப்பவர்கள் பைத்தானில் ராபை நிறுவுங்க, லிப்ராவின் மேல் போர்த்திய மெல்லிய உறை அது. திறக்கிற ஒரு ஃபைலைக் கொடுத்தால் சென்சார் எண்கள் அப்படியே நம்பை அரேயாக வரும். லென்ஸை மூடி எடுத்த படத்தின் சராசரியைப் பாருங்க, பெரும்பாலும் அந்தக் கறுப்பு எண் கண்ணுக்குத் தெரியும். சிவப்பு, பச்சை, நீல பிக்சல்களைத் தனித்தனியாகப் பிரித்து ஹிஸ்டோகிராம் போடுங்க. வொயிட் பேலன்ஸ் பண்ணாமல் படமாக்கினால் ஏன் எல்லாரும் பச்சையாகத் தெரிகிறார்கள் என்பதும் புரியும்.

கிளப்புக்குப் புது கேமரா வந்தாலோ, வாடகைக்கு எடுத்தாலோ, நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னாடியே பத்து படம் எடுத்து, எடிட் செய்யப்போகும் அதே லேப்டாப்பில் திறந்து பாருங்க. திறக்கவில்லை என்றால் அன்றைக்கு ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்து எழுதும்படி கேமராவை வைங்க. கார்டில் இடம் அதிகம் பிடிக்கும், அதற்கு ஒரு கார்டு கூடுதலாகக் கடன் வாங்கினால் போதும்.

உங்கள் மாடல் திறந்த மூல மென்பொருள்களின் பட்டியலில் இன்னும் இல்லையா? அப்படியானால் ரா டாட் பிக்சல்ஸ் டாட் யுஎஸ் தளத்தில் அந்த மாடலின் மாதிரி ஃபைல் இருக்கிறதா என்று தேடுங்க. இல்லையென்றால் ஒவ்வொரு ரா வகைக்கும் ஒரு படமாக, மனிதர்கள் இல்லாத காட்சியாக, நல்ல வெளிச்சத்தில் எடுத்து, கார்டிலிருந்து வந்தபடியே ஏற்றிவிடுங்க. பெயர் எழுதிய போர்டோ, சொந்த விவரமோ படத்தில் வேண்டாம். டார்க்டேபிள்காரர்கள் புது கேமராவைச் சேர்க்க முதலில் தேடுவது அந்த ஃபைலைத்தான்.